முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய்

முப்பத்தொன்பது வயதில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் உடனே என் தலைமுடியைத்தான் பார்க்கிறார். முடி கருப்பாகத்தான் இருக்கிறது. போனது வலது காது. தென்காசியில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பட்டறையில், பாலிடெக்னிக் முடித்த கொஞ்ச காலத்தில் சேர்ந்தவன் போன வருடம்வரை மெக்கானிக்காக இருந்தேன். பழுது பார்த்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமல் கொடுக்க முடியாது. சுட்டுப் பார்த்துப் பார்த்து, கடைசியில் காது டாக்டர் ஒரு வரைபடத்தை நீட்டி, “இனிமே சத்தம் ஆகாது தம்பி” என்று சொல்லிவிட்டார். இப்போது மேலகரத்தில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறேன். சத்தம் குறைவு. ஆனாலும் சும்மா இருக்க வரவில்லை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் புதிதாக வந்த ஒரு தம்பி போன மாதம் ஒரு படம் போட்டிருந்தார். நுரை ஸ்பிரே. குழலுக்குள் அடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து துணியால் துடைத்தால் முடிந்ததாம். “இவ்வளவு வசதி இருக்கும்போது வாய்வழி மருந்து போடுற துப்பாக்கிக்கு மட்டும் ஏன் இன்னும் வெந்நீர், வாளின்னு கஷ்டப்படுறீங்க?” என்று கேட்டிருந்தார். பாதிப்பேர் ஸ்பிரே கட்சி, பாதிப்பேர் வாளிக் கட்சி. யாரோ என் பேரைச் சொல்லி, “அண்ணே, நீங்க சொல்லுங்க” என்று இழுத்துவிட்டார்கள். பதில் தட்ட ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. குற்றால மலையடியில் வாழை, மரவள்ளி, நெல் போட்டிருக்கும் சிலரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிகள் உண்டு. தோட்டா போடும் வகை இல்லை. குழல் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, மேலே துணியோ நாரோ அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி அடைத்து, நீளக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். அடியில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளைக்குழாய். அதன் மேல் கேப்பு, அதாவது தட்டினால் பொறி கக்கும் சின்ன மூடி, வைத்துச் சுத்தி அடித்தால் பொறி உள்ளே போகும். பன்றியை விரட்டச் சத்தம் மட்டும் போதும் என்பவர்கள் ரவையே போடுவதில்லை.

கருமருந்து முழுதும் எரிந்து புகையாகப் போவதில்லை. பாதிக்கு மேல் கசடாகும்; அதில் ஒரு பங்கு குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கசடுக்கு ஈரம் என்றால் உயிர். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். நம் ஊரில் சாரல் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் சுட்டுவிட்டுச் சும்மா சாத்தி வைத்தால், காலையில் குழலுக்குள் செந்துரு. கசடை எடுப்பதுதான் எங்கள் பட்டறையின் பாதி வேலை.

நான் சேர்ந்தபோது எல்லாம் தெரிந்தவன்போலத்தான் வந்தேன். கோயம்புத்தூரில் ஒரு வருடம் லேத்தில் நின்று, ஒரே உருளையை நாள் முழுக்கக் கடைந்து சலித்துப்போய் ஊர் திரும்பியிருந்தேன். இங்கே ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு மாதிரி. திருகுகூட ஒன்றுபோல் இருக்காது. அதுவே போதையாக இருந்தது. முதல் இரண்டு வருடம் எப்படிப் போனது என்றே நினைவில்லை; அரமும் எண்ணெயும் கை வெட்டும்தான் நினைவில் இருக்கின்றன.

கடை ஸ்டெல்லா அக்காவுடையது. அப்பா பேரில் இருந்த உரிமம் அவர் காலத்துக்குப் பிறகு இவர் பேருக்கு வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கடைக்குள் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. வாயில் ஒரு கிராம்பு. வாடிக்கையாளர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். பேசி முடித்த பிறகும் உடனே பேச மாட்டார். அந்த இடைவெளியில் நிறையப் பேர் தாங்கள் சொன்ன பொய்யைத் தாங்களாகவே திருத்திவிடுவார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம். எந்தத் துப்பாக்கி உள்ளே வந்தாலும், வெளியே போனாலும், நாற்காலியில் இருந்தபடியே ஒரே கேள்வி: “காலியா?” பதில் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான். குழல் வாயில் கம்பியை விட்டு, அது அடியில் போய் விழும் சத்தத்தைக் கேட்டவர் மட்டும் சொல்லலாம். சுத்தமான காலிக் குழலில் கம்பி விழுந்தால் ‘டிங்’ என்று மணிபோல் ஒலிக்கும். கம்பி லேசாகத் துள்ளும். கசடோ மருந்தோ இருந்தால் ‘தொப்’. நான் சேர்ந்த புதிதில் கம்பி போடாமலே “காலிக்கா” என்று சொன்னேன். அக்கா தலை தூக்கவில்லை.

“நீ சொல்லாத செல்வம். கம்பி சொல்லட்டும்.”

கழுவுகிற முறையும் அவருக்கென்று ஒன்று. மற்ற ஊரில் சுருக்கி விட்டதையெல்லாம் அவர் சுருக்க மாட்டார். கட்டையைக் கழற்றி, துளைக்குழாயையும் கழற்றி, குழலின் அடியை வெந்நீர் வாளியில் நிறுத்த வேண்டும். கம்பி நுனியில் துணி சுற்றி, மேலிருந்து பம்பு அடிப்பதுபோல் ஏற்றி இறக்கினால் அடித் துளைவழியே தண்ணீர் உறிஞ்சி ஏறும், பீய்ச்சி இறங்கும். முதல் வாளி மைபோல இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் பட்டறையை நிறைக்கும். பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். இரண்டாவது வாளி சாம்பல் நிறம். இப்படித் தெளிகிறவரை மாற்றி, கடைசியாகக் கொதிக்கிற தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். இரும்பு சூடேறித் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும். அதற்குப் பிறகு உலர்ந்த துணி. அதற்கும் பிறகுதான் எண்ணெய், மெல்லிய பூச்சு. எஸ்டேட்காரர் ஒருவர் வீட்டில் குழலுக்குள் சுருள் வரி வெட்டிய பழைய ரைபிள் ஒன்று இருந்தது; வரிக்கு வரி கசடு ஒளிந்திருக்கும். அதற்கு மட்டும் அரை நாள் ஆகும். அக்கா நாள் முழுக்க ஆனாலும் கேட்க மாட்டார்.

ஒருமுறை புளியங்குடியிலிருந்து ஒருத்தர் வந்தார். எலுமிச்சைத் தோட்டக்காரர். குழலை நீட்டும்போதே பெருமை.

“பளபளன்னு இருக்கும் பாருங்க. ஒரு பொட்டு கரி கிடையாது.”

நான் அப்போதுதான் ஆன்லைனில் ஒரு குட்டிக் கேமரா வாங்கியிருந்தேன். பென்சில் தடிமனில் ஒரு வயர், நுனியில் விளக்கும் கண்ணும். குழலுக்குள் விட்டால் போனில் படம் தெரியும். விட்டுப் பார்த்தேன். கரி இல்லைதான். குழலின் உள்சுவர் முழுக்க அம்மை போட்ட முகம்போல் குழி.

“அண்ணாச்சி, எதால கழுவுனீங்க?”

“எலுமிச்சைச் சாறுதான். எங்கிட்ட என்ன பஞ்சமா? பித்தள வெளக்கே மின்னுது, இரும்பு மின்னாதா?”

அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கிராம்பைக் கடித்தார். பிறகு, “ஊறவும் வச்சியளோ?” என்றார்.

“ஊறாம பின்ன? ஊறுகான்னா ஊறத்தான செய்யும்!” என்று அவரே சிரித்தார். அந்தக் குழலை இனிச் சுடக்கூடாது என்று புரிய வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. போகும்போது, “தண்ணியில போகுத கரிக்கு நான் ஒரு கூடை பழத்தப் பிழிஞ்சேனே” என்று புலம்பிக்கொண்டே போனார்.

அது சிரிப்போடு போனது. நான் சொல்ல வந்தது வேறு.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமக்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு அது தீபாவளிக் கூட்டம். ஆலங்குளம் பக்கமிருந்துகூட வருவார்கள். ஒப்படைக்கும் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். பலர் அதோடு கழுவியும் வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு தேர்தல் சமயத்தில், பங்குனி வெயிலில், குத்தாலிங்கம் அண்ணாச்சி வந்தார்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில், மலையை ஒட்டி அவருக்கு வாழைத் தோப்பு. பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி இசக்கியம்மாள், சாக்கில் சுற்றிய துப்பாக்கியைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் நெஞ்சோடு பிடித்திருந்தார். அண்ணாச்சி உள்ளே வந்தார். அந்த அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“காலியா?” என்றார் அக்கா.

“காலிதான்,” என்றார் அண்ணாச்சி.

நான் கம்பியை விட்டேன். ‘தொப்.’ அடிவரை போனால் வாயோடு சமமாக நிற்க வேண்டிய அந்தத் துப்பாக்கியின் கம்பி, வாய்க்கு மேலே மூன்று விரல் உயரம் நீட்டிக்கொண்டு நின்றது.

“அது எப்பவும் உள்ளதுதாம்டே. ரெண்டு விரல் கசடு. என் கம்பியில அடையாளமே போட்டு வச்சிருக்கேன் பாரு. இப்ப ஒரு விரல் கூடியிருக்கும்.”

“கழுவவே மாட்டியளா அண்ணாச்சி?”

“கழுவாமயா? குத்தாலத்துக்காரன்ட்ட கேக்குத கேள்வியா இது? சுட்ட ஒடனே எண்ணெய விடுவேன். நல்ல செக்கு எண்ணெய். ஊறவிட்டுப் பெறகு தண்ணி. எங்க ஊருல மனுசனுக்கே அப்படித்தான. எண்ணெ தேச்சு அருவியில நிக்கணும். துப்பாக்கிக்கு மட்டும் தனிச் சட்டமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அருவிக்கரை மசாஜ்காரர்கள் செய்கிற வேலையை இவர் குழலுக்குச் செய்துவந்திருக்கிறார். மனிதத் தோலுக்கு அது சரி. கருமருந்துக் கசடுக்கு அது எமன். தண்ணீரில் கரைந்து போகவேண்டிய கசடு எண்ணெயைக் குடித்ததும் தார் ஆகிவிடும். அதன்மேல் தண்ணீர் ஒட்டாது. அடுத்த வெடியின் சூட்டில் தார் இறுகும். இப்படி வருடக்கணக்கில் அடுக்கடுக்காக ஏறி, குழலின் அடியே இரண்டு விரல் உயர்ந்துவிட்டது.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. குழலின் அடியை மூடியிருக்கும் பெரிய திருகைக் கழற்றி, பின்னாலிருந்து சுரண்ட வேண்டும். ஆனால் அந்தத் திருகு துருவில் பிடித்துப் போயிருந்தது. துளைக்குழாயும் அசையவில்லை. அடியைக் கேஸ் பந்தத்தின் தீயால் சூடாக்கினால்தான் இளகும். வெளியே வரிசை. சாயங்காலத்துக்குள் இவர் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும், அன்றுதான் கெடு. நான் குழலை மேசையிலிருந்த வைஸ் இடுக்கியில் மாட்டினேன்.

“தண்ணி வச்சாச்சா?” என்றார் அக்கா.

“இது தாருக்கா. தண்ணிக்கு அசையாது. நேரம்தான் வீண்.”

“வீணாகட்டும்.”

அடியில் எதுவாக இருந்தாலும் சரி, சூடு காட்டுமுன் தண்ணீர் ஊற்றாமல் அக்கா விடமாட்டார். வாய்வழியே வெந்நீர் விட்டேன். சற்று நேரம் கழித்துக் கவிழ்த்தால் கருப்பாக, நாற்றத்தோடு வந்தது. சுவரில் ஒட்டியிருந்த கரி. இரண்டாவது தண்ணீர் சாம்பல். மூன்றாவது தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவு. மேலே நாலைந்து எண்ணெய்ப் பொட்டு மட்டும். நாற்றம் இல்லை.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அது அபூர்வம். வாளியில் குனிந்து முகர்ந்தார்.

“மூணு விரல் கசடுன்னா மூணாவது தண்ணி இப்படியா வரும்?”

“தார் கரையாதுல்லாக்கா.”

“பழைய ரெண்டு விரல் தாரு. சரி. புதுசா ஏறுன ஒரு விரல் இன்னும் சூட்டுல இறுகலயே, அது கரைய வேண்டாமா?”

இதுதான் இந்தத் தொழிலில் நான் சந்தித்ததிலேயே கஷ்டமான இடம். மேலே இருக்கும் அந்த ஒரு விரல் தார் என்றால், பந்தத்தைக் காட்டலாம். அது மருந்து என்றால், பந்தத்தைக் காட்டியதும் குழல் வெடிக்கும். வைஸுக்குப் பின்னால் நான், முன்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வாசல் பெஞ்சு. எண்ணெய் தோய்ந்த அடைப்பு தண்ணீரைக் கீழே விடாது. ஆகவே தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதால் மருந்து நனைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தார், அடைப்பு இரண்டும் கம்பிக்கு ஒன்றுபோலத்தான் ‘தொப்’ என்னும்.

“அண்ணாச்சி, கடைசியா எப்ப சுட்டிய?” என்று கேட்டேன்.

“தை மாசம் சுட்டது. பெறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேம்லா, கல்லடைப்பு. வந்ததுலேருந்து தொடவே இல்ல. சும்மா தொங்கிட்டுக் கெடந்தது. எம்மேல சத்தியமா காலி.”

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது. நானும் பந்தத்தை எடுத்தேன். எடுத்தவன் வைத்துவிட்டேன். கேமரா இருக்கிறதே! ஈரக் குழலுக்குள் வயரை விட்டேன். போன் திரையில் கருப்பு வட்டம், எண்ணெய் மினுமினுப்பு. தார்போலத்தான் இருந்தது. வயரைச் சுழற்றினேன். ஓரத்தில், சுவரை ஒட்டி, மஞ்சளாக ஒரு இழை நீட்டிக்கொண்டு நின்றது. மயிர் போல. தாரில் மயிர் முளைக்காது.

போனை அக்காவிடம் காட்டினேன். அக்கா அண்ணாச்சியிடம் திருப்பினார்.

“தேங்காய் நாரு,” என்றார் அக்கா.

“நாரா? நான் நாரே வைக்க மாட்டேனே. பழைய வேட்டித் துணிதான் வைப்பேன். என்னைக்கும் துணிதான்.” அவர் குழம்பிப்போய்த் திரையையே பார்த்தார். “எவன்லே எந் துப்பாக்கியத் தொட்டது?”

அந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் உரக்க வந்தது. வாசல் பெஞ்சில் அந்த அம்மா எழுந்து நின்றதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

“அண்ணாச்சி,” என்றார் அக்கா, எதுவுமே நடக்காததுபோல், “முக்குக் கடையில எனக்கு ஒரு கட்டன் சாயா சொல்லிட்டு நீங்களும் ஒண்ணு குடிச்சுட்டு வாங்க. இது நேரமாகும்.”

அவர் போனார். அக்கா அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். தான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்த மௌனம் பழக்கம். அந்த அம்மாவுக்குப் பழக்கமில்லை.

“அந்தத் தீய வச்சிராத ராசா,” என்றார் என்னைப் பார்த்து. “உள்ள மருந்து இருக்கு.”

பிறகு எல்லாம் வந்தது. கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் பன்றிக் கூட்டம் தோப்புக்குள் இறங்கிவிட்டது. குலை தள்ளுகிற நேரம். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்ததுதானே என்று துப்பாக்கியை இறக்கி, கையளவு மருந்து போட்டு, துணி தேடிக் கிடைக்காமல் கையில் அகப்பட்டதை அடைத்து, ரவையும் போட்டுக் கெட்டித்துவிட்டார். கேப்பு வைத்து அடித்தார். ‘சட்’ என்றது. அவ்வளவுதான். மறுபடி அடித்தார், மறுபடி ‘சட்’. துளைக்குழாய் தாரில் அடைத்துக் கிடக்கிறதே, பொறி எங்கே உள்ளே போகும்! கடைசியில் தகரத்தைத் தட்டியே விரட்டியிருக்கிறார்.

“பெறகு எப்படி எறக்கன்னு தெரியல. இவுக சுட்டா எண்ணெ விடுவாகல்லா, அதுமாரி நானும் எண்ணெய விட்டு ஆணியில மாட்டிட்டேன்.”

“சொல்லியிருக்கலாமேம்மா,” என்றேன் நான்.

“உரிமம் அவுக பேருல. நான் தொடக்கூடாதுன்னு அன்னைக்கே ஸ்டேஷன்ல சொல்லித்தான் குடுத்தாங்க. வெளிய தெரிஞ்சா துப்பாக்கியப் பிடுங்கிருவாங்க. பெறகு வாழைக்கு ஆரு காவல்? இன்னைக்கு இங்கன வரும்போது அத நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். ஒண்ணு ஆனா எனக்கு ஆகட்டும்னு.”

அக்கா எழுந்து, கேஸ் பந்தத்தின் வால்வை இறுக மூடி, அதை வெளி வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

“செல்வம், மணல் பெட்டி.”

குழலை வைஸிலிருந்து எடுத்து, வாய் மணல் பெட்டியைப் பார்க்கும்படி கிடத்தினோம். நுனியில் திருகுமுள் உள்ள கம்பியை மெல்ல விட்டு, நாரில் கொக்கி மாட்டுவதுபோல் சுற்றி இழுத்தேன். முதல் நார் வந்தது. கவிழ்த்ததும் ஈய ரவைகள் சலசலவென்று தட்டில் விழுந்தன. மறுபடி தண்ணீர். இப்போது அது இரண்டாவது அடைப்பின் ஓரமாக இறங்கியது, ஊறவிட்டோம். அக்கா அவசரப்படவே இல்லை. வெளியே வரிசையில் நின்றவர்களிடம் போய், “மதியத்துக்கு மேல வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவது நாரும் வந்தது. அதன் பின்னால் கருப்புக் கூழ். மருந்து. முட்டை நாற்றம் இல்லை. எரியாத மருந்துக்கு அந்த நாற்றம் வராது. கழுவிக் கழுவித் தெளிந்த பிறகுதான் பந்தம் உள்ளே வந்தது. திருகு இளகியது. உள்ளே தேன்மெழுகு உருண்டைபோல் கெட்டியான தார், இரண்டு விரல்.

தட்டில் எல்லாம் கிடந்தன: ரவை, கூழ், இரண்டு நார் உருண்டை. வாசலில் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா ஒரு துண்டை எடுத்து, தட்டுக்கு மேலே பிடித்தபடி அந்த அம்மாவைப் பார்த்தார்.

“மூடட்டுமா?”

அந்த அம்மா ஒரு நொடி யோசித்தார். “மூடாண்டாம்.”

அண்ணாச்சி வந்து தட்டைப் பார்த்தார். ஒரு நாரை எடுத்து விரித்தார். அதில் இன்னும் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது.

“இது பாத்திரம் தேய்க்குத நாருல்லா.”

“ஆமா. நம்ம வீட்டு நாருதான்.”

அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. “நீயா கெட்டிச்ச?”

“நாந்தான்.”

“எவ்வளவு மருந்து போட்ட?”

அந்த அம்மா உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அது மூணு வெடிக்கு உள்ள மருந்துட்டி. வெடிச்சிருந்தா…” நாரைத் தட்டில் திரும்ப வைத்தார். “எங்கிட்டச் சொன்னா என்ன? நான் வீட்டுக்கு வந்து இத்தன நாளாச்சு.”

“எங்க சொல்ல? ஆஸ்பத்திரிலேருந்து வந்தன்னைக்கே தோப்பச் சுத்திப் பாத்தியல்லா. ஒத்த வாழ சாயல, எல்லாம் நம்ம காவல்மாடன் காத்துக் குடுத்தான்னு கெடா வெட்ட நேந்துக்கிட்டிய. விடியுத மட்டும் தகரத்தத் தட்டுனவ நானு. கெடா மாடனுக்கு. நான் என்னத்தச் சொல்ல?”

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு குழலைத் துடைத்தேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் பாதி அதுவும் பாதி சிரிப்பும்.

அக்கா இருவரையும் பார்த்துச் சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “துப்பாக்கி இப்ப காலி. ஸ்டேஷன்ல காலியான்னு கேப்பாங்க, காலின்னு சொல்லுவேன். முன்னால என்ன இருந்துச்சுன்னு கேட்டா அதையும் சொல்லுவேன், மறைக்க மாட்டேன். ஆனா இன்னைக்குக் காலி ஆனது மட்டும் இந்தப் பிரச்சனைக்கு மருந்தில்ல. தோப்புல ரெண்டுபேரு காவல் இருக்கிய. பேப்பர்ல ஒருத்தர் பேருதான் இருக்கு. தேர்தல் முடிஞ்சதும் இவுக பேரையும் சேக்கதுக்கு மனு குடுங்க. முறையாப் பழகட்டும்.”

“பொம்பளைக்குக் குடுப்பாங்களா?” என்றார் அண்ணாச்சி.

அக்கா சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கடை உரிமத்தை ஒரு தடவை பார்த்தார். அதில் அவர் பேர் இருந்தது. அண்ணாச்சியும் பார்த்துவிட்டு, “தப்புத்தான்” என்றார்.

அன்று ஸ்டேஷனில் “காலியா?” என்பதோடு கேள்வி நின்றது. துப்பாக்கி கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சியின் கம்பியிலிருந்த பழைய அடையாளத்தை நான் அரத்தால் ராவிவிட்டேன். உண்மையான அடி இப்போது இரண்டு விரல் கீழே இருந்தது.

ஸ்பிரே கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். உங்கள் நுரை கசடை எடுக்கும். எடுக்காது என்று நான் சொல்லவில்லை. நானும் புதுச் சாமான் என்றால் முதல் ஆளாக வாங்குகிறவன். அந்தக் கேமரா இல்லாவிட்டால் அன்று அந்த இழையைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் நுரைக்கு வாய் கிடையாது. வாளித் தண்ணீர் நிறத்தாலும் நாற்றத்தாலும் பேசும். கருத்தால் ஒரு செய்தி, தெளிந்தால் ஒரு செய்தி. தெளியக்கூடாத நேரத்தில் தெளிந்தால் அதைவிடப் பெரிய செய்தி. ஸ்பிரேயை வாளிக்குப் பிறகு அடித்துக்கொள்ளுங்கள்.

மனு, விசாரணை, பயிற்சி என்று அந்த அம்மாவின் பேர் ஏற வெகு நாள் பிடித்தது. இடையில் ஒரு சீசன் சாரல் வந்து போனது. அதற்குள் என் காதும் முடிவுக்கு வந்துவிட்டது. என் கடைசி நாள் அன்று, தற்செயலாகத்தான், இருவரும் வருடாந்தரப் பார்வைக்குக் கொடுத்திருந்த துப்பாக்கியை வாங்க வந்தார்கள். இந்த முறை அண்ணாச்சி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார், மடியில் பையோடு.

“நான் இப்ப இவளுக்குக் கேப்பு எடுத்துக் குடுக்குத ஆளு, தம்பி,” என்றார். “வாயத் தெறந்தா, முதல்ல தண்ணி, பெறகு எண்ணென்னு என்னையே அதட்டுதா.”

“பின்ன? குழல அருவியில குளிப்பாட்டுன ஆளுல்லா நீங்க,” என்றார் இசக்கியம்மாள் உள்ளிருந்தபடியே.

கம்பியை எடுத்து, குழலைச் சாய்க்காமல் பிடித்து, முறைப்படி விட்டார். என் வலது காது அவர் பக்கம் இருந்தது. கம்பி விழுந்தது தெரிந்தது. சத்தம் எனக்கு வரவில்லை.

“கேட்டிச்சா?” என்றார்.

காதைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தேன். அவர் என் கையைப் பிடித்து, குழலின்மேல் வைத்து அழுத்தினார். கம்பியை இழுத்து மறுபடி விட்டார். உள்ளங்கையில் சின்னதாக, கூர்மையாக ஒரு துள்ளல். மணியைத் தொட்டதுபோல் இருந்தது.

நாற்காலியிலிருந்து அக்கா கேட்டார்: “காலியா?”

நான் கம்பி விட்ட அந்த அம்மாவைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

“காலி,” என்றார் இசக்கியம்மாள்.